1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா எங்கே குடியிருந்தார்? புதுச்சேரிக் குடும்பங்கள் பிரெஞ்சு நசியோனாலிதே தாள்களைத் தேடும் வழி

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பிரெஞ்சில் எழுதிய தாள் ஒன்றாவது கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா பிரெஞ்சுக்காரர், அதனால் எங்களுக்கும் நசியோனாலிதே (பிரெஞ்சுக் குடியுரிமை) உண்டு" என்று கிளம்புகிறவர்கள் பலர். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த முதல் வாக்கியத்திலேயே. 1962 வரை பிரெஞ்சிந்தியாவின் சொந்தக் குடிகள் எல்லோருமே சட்டப்படி பிரெஞ்சு நாட்டினர்தான். தாத்தா பிரெஞ்சுக்காரர் என்பது ஒரு தொடக்கம், அவ்வளவே. இந்தப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுக்கு மாறிய 1962 ஆகஸ்ட் 16 அன்று அவர் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தாரா என்பதைத்தான் கோப்பைப் பார்ப்பவர் கேட்பார். அதற்கான விடை மூன்று விவரங்களில் இருக்கிறது: எங்கே பிறந்தார், அந்த நாளில் எங்கே குடியிருந்தார், அடுத்த ஆறு மாதத்தில் எதில் கையெழுத்துப் போட்டார்.

முதலில் தேதிகளைச் சரிசெய்துகொள்ளுங்கள்

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. இதை வைத்து "1954-லேயே எல்லாம் முடிந்துவிட்டது" என்று நினைப்பது தவறு. மாறியது நிர்வாகம் மட்டும். ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்றுதான் கையெழுத்தானது. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்ததால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர 1962 ஜூலை வரை ஆயிற்று. இரு நாடுகளும் ஒப்புதல் பத்திரங்களைப் பரிமாறிக்கொண்ட 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

ஆக, நடுவில் உள்ள எட்டு ஆண்டுகளும் சட்டக் கணக்கில் பிரெஞ்சு ஆண்டுகளே. 1958-இல் காரைக்காலில் பிரெஞ்சுத் தந்தைக்குப் பிறந்த குழந்தை பிறக்கும்போதே பிரெஞ்சு நாட்டினர். பிறகு என்ன ஆயிற்று என்பதை ஒப்பந்தம் தீர்மானித்தது. இது புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்குக்கும் பொருந்தும். வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்தர்நகர் இதில் சேராது. அதற்கு 1951-இல் கையெழுத்தாகி 1952-இல் நடைமுறைக்கு வந்த தனி ஒப்பந்தம் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் 4 முதல் 8 வரையிலான பிரிவுகள்

வழக்கறிஞரிடம் போவதற்கு முன் இந்த ஐந்து பிரிவுகளை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். மொத்தம் இரண்டு பக்கம் தேறாது. சாரம் இது:

4-ஆம் பிரிவு: அந்தப் பகுதிகளில் பிறந்து, அன்று அங்கேயே குடியிருந்த பிரெஞ்சு நாட்டினர் இந்தியக் குடிமக்கள் ஆகிறார்கள். எதையும் செய்யாமல் சும்மா இருந்தவர்களுக்கு நேர்ந்தது இதுதான். பெரும்பான்மைக் குடும்பங்கள் இங்கேதான் வருகின்றன.

5-ஆம் பிரிவு: அப்படிப்பட்டவர் ஆறு மாதத்துக்குள், அதாவது 1963 பிப்ரவரி நடுவுக்குள், எழுத்து மூலம் அறிவித்தால் பிரெஞ்சு நாட்டினராகவே நீடிக்கலாம். ஊர்ப் பேச்சில் 'ஒப்சியோன்' என்பது இதைத்தான். ஒப்சியோன் செய்தவர் இந்தியக் குடியுரிமையை ஒருபோதும் பெறாதவராகவே கருதப்படுவார்.

6-ஆம் பிரிவு: பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து, அன்று கடலூரிலோ சென்னையிலோ, இந்திய ஒன்றியத்தின் வேறெங்கோ குடியிருந்தவர்களும் இந்தியர் ஆகிறார்கள். ஒப்சியோன் உரிமை அவர்களுக்கும் இருந்தது.

7-ஆம் பிரிவு: அங்கே பிறந்து, அன்று மூன்றாவது நாடு ஒன்றில் அல்லது பிரான்சில் குடியிருந்தவர்கள் எதிலும் கையெழுத்துப் போடாமலேயே பிரெஞ்சு நாட்டினராகத் தொடர்ந்தார்கள். சைகோனில் வேலை பார்த்தவர்களும், பிரான்சில் பணியில் இருந்த சொல்தாக்களும் (பிரெஞ்சுப் படைவீரர்களும்) இங்கே வருவார்கள். அவர்கள் இந்தியர் ஆக விரும்பியிருந்தால் அதற்கு ஆறு மாத அவகாசத்தை 8-ஆம் பிரிவு தந்தது.

4, 6, 7 ஆகிய மூன்று பிரிவுகளும் "அப்பகுதிகளில் பிறந்த" என்றே தொடங்குவதைக் கவனியுங்கள். தாத்தா சைகோனிலோ, பக்கத்து ஊரான விழுப்புரத்திலோ பிறந்திருந்தால் இந்தப் பிரிவுகள் அவரைத் தொடுவதே இல்லை. அது தனி வகை வழக்கு. வாதமும் வேறு, ஆதாரமும் வேறு. பிறந்த ஊர் எது என்பதை முதலில் உறுதிசெய்யச் சொல்வது இதனால்தான். 'புதுச்சேரிக்காரர்' என்று வீட்டில் சொல்வதும் பிறப்புப் பதிவில் இருப்பதும் பல குடும்பங்களில் ஒன்றல்ல.

ஒப்சியோன் தாளில் பார்க்க வேண்டியவை

ஒப்சியோன் தாள் கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடைவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்.

ஒன்று, தேதி. ஆறு மாதம் கடந்து போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை.

இரண்டு, மனைவி. கணவரின் ஒப்சியோன் மனைவியைக் கட்டுப்படுத்தாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. பாட்டி தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கணவர் பிரெஞ்சு, மனைவி இந்தியர் என்று ஒரே வீட்டில் இரண்டு நாடுகள் உண்டானது இப்படித்தான். பாட்டி வழியாக உரிமை கோருகிறவர்கள் தாத்தாவின் தாளைக் காட்டிப் பயனில்லை.

மூன்று, பிள்ளைகள். பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளின் நிலையைத் தந்தையின் அறிவிப்பு தீர்மானித்தது. தந்தை இறந்திருந்தால் தாயின் அறிவிப்பு, இருவரும் இல்லையென்றால் காப்பாளரின் அறிவிப்பு. அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் அதே தாளில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் பெயர் மட்டும் இருந்தால் ஐந்தாமவர் வழி வந்தவர்களுக்குச் சிக்கல் தொடங்குகிறது. அன்று பதினெட்டைத் தாண்டியிருந்த பிள்ளை தானே தனி ஒப்சியோன் செய்திருக்க வேண்டும். பதினாறைத் தாண்டி மணமுடித்திருந்த ஆண்பிள்ளைக்கும் அதேதான். தந்தையின் அறிவிப்பால் பிரெஞ்சுக்காரரான பிள்ளைக்கு, பதினெட்டு நிறைந்தபின் ஆறு மாதத்துக்குள் இந்தியக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் இருந்தது. அப்பா அப்படி ஏதாவது செய்தாரா என்பதையும் கேட்டு வையுங்கள்.

அறிவிப்பு இரண்டு படிகளாக எழுதப்பட்டது: ஒன்று பிரெஞ்சில், ஒன்று ஆங்கிலத்தில். இரண்டும் பிரெஞ்சு அதிகாரிகளிடம் போயின. ஆங்கிலப் படியை அவர்கள் இந்திய அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். வீட்டில் தாள் தொலைந்திருந்தால் தேடுவதற்கு இரண்டு அரசுகளின் ஆவணங்கள் இருக்கின்றன என்பது இதன் பொருள். முதலில் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்துக்கு முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் ஆகியவற்றோடு எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி விசாரிப்பு நிற்காது.

குடியிருந்த இடத்தை நிறுவுவது

7-ஆம் பிரிவில் வருகிறவர்களுக்கு உயிர்நாடி இதுதான். "அப்போது அவர் பிரான்சில் இருந்தார்" என்பது போதாது. அந்த நாளில் அவருடைய நிலையான வசிப்பிடம் வெளியே இருந்தது என்று காட்ட வேண்டும். விடுமுறைக்குப் போயிருந்ததும், சில மாதம் உறவினர் வீட்டில் இருந்ததும் வசிப்பிடம் ஆகாது. மனைவி மக்கள் எங்கே இருந்தார்கள், சம்பளம் எங்கே வந்தது, வீடு எங்கே என்பதெல்லாம் பார்க்கப்படும். குடும்பம் முழுவதும் முதலியார்பேட்டையில், தாத்தா மட்டும் வெளிநாட்டில் என்றால் தயாராகப் போங்கள், கேள்வி வரும்.

இராணுவத்தில் இருந்தவருக்குச் சேவை விவரத் தாள் சிறந்த ஆதாரம். எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எந்தப் படைப்பிரிவில், எந்த ஊரில் இருந்தார் என்று வரிசையாக அதில் இருக்கும். வீட்டில் இல்லையென்றால் தெற்குப் பிரான்சின் போ நகரில் உள்ள இராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். ஓய்வூதியப் புத்தகத்தில் இருக்கும் எண்ணைக் குறிப்பிட்டால் தேடுவது எளிது. மற்றவர்களுக்கு 1962-ஐ ஒட்டிய சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, வரித் தாள், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, அந்த நாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதிவு. 1960, 1964 என்று இரு பக்கமும் தாள் இருந்து நடுவில் இல்லாவிட்டாலும் ஓரளவு பேச முடியும். 1965-க்குப் பிறகான தாள் மட்டும் இருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை.

எத்தா சிவில் பதிவைப் படிப்பது

எத்தா சிவில் என்பது பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு. பழைய கொம்யூன் (நகராட்சி போன்ற உள்ளாட்சிப் பகுதி) ஒவ்வொன்றிலும் இதற்குத் தனிப் பதிவேடு இருந்தது. புதுச்சேரிப் பக்கம் எட்டு கொம்யூன்கள்: புதுச்சேரி, அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, உழவர்கரை, வில்லியனூர், திருபுவனை, பாகூர், நெட்டப்பாக்கம். காரைக்கால் பக்கம் ஆறு: காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு. 'கிராந்த் ஆல்தே' என்று பதிவில் இருந்தால் அது திருமலைராயன்பட்டினம், 'ஊல்காரே' என்றால் உழவர்கரை. இது தெரியாமல் வேறு ஊர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

பிறப்புப் பதிவு என்பது பத்து வரிக் கையெழுத்துப் பத்தி. தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள், நேரம் எல்லாம் எண்ணாக இல்லாமல் சொல்லாக எழுதியிருக்கும். 'மில் நெஃப் சான்' என்று தொடங்கினால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஏதோ ஓர் ஆண்டு. அது பதிவு செய்த நாள். பிறந்த நாள் அதற்குக் கீழே தனியாக வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மனுவில் தவறான தேதியை எழுதுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து வந்து அறிவித்தவரின் பெயர், வயது, தொழில். அவர் தந்தையா, பாட்டனா, மருத்துவச்சியா என்று பாருங்கள். பிறகு தாயின் பெயர், சாட்சிகள் இருவர், கடைசியில் கையெழுத்துகள். இடப்பக்க ஓரத்தில் பதிவு எண்ணும் பெயரும் இருக்கும். பிற்காலத்துத் திருமணமோ, நீதிமன்றத் திருத்தமோ ஓரக் குறிப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். ஆகவே எப்போதும் முழுப்படி கேளுங்கள். சுருக்கப் படியில் அந்த ஓரம் வராது, சிக்கலைத் தீர்ப்பதும் பல நேரங்களில் அந்த ஓரம்தான்.

பெயர்தான் பெரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை, பிரெஞ்சுப் படிவத்துக்கோ அது இல்லாமல் முடியாது. ராமசாமி மகன் கோவிந்தன் என்பவரை ஒரு எழுத்தர் குடும்பப் பெயர் கோவிந்தன் என்று எழுதினார். இராணுவத்தில் சேரும்போது ராமசாமி குடும்பப் பெயராகி, கோவிந்தன் முன்பெயரானது. ஓய்வூதியத் தாளில் இரண்டும் ஒட்டி ஒன்றாயிற்று. மூன்றும் ஒரே ஆள் என்பது வீட்டுக்குத் தெரியும், பாரிஸுக்குத் தெரியாது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையின்படி மதம், சாதி வழிவந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் அப்போதே நிலையான குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்துக்கூட்டலும் மாறும். 'உ' ஓசைக்கு ஆங்கிலத்தில் யு என்ற ஒரே எழுத்து, பிரெஞ்சில் ஓ, யு என்ற இரண்டு. 'ச' ஓசைக்கு டி, சி, எச் மூன்றையும் சேர்த்து எழுதுவார்கள். முருகேசன் 1935-இல் ஒரு மாதிரியும், 1975-இல் ஆங்கிலச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் இருப்பது இயல்பு. எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை விளக்கி ஏற்கச் செய்யலாம். பிறந்த ஆண்டோ, தாய் பெயரோ, பதிவு எண்ணோ மாறினால் ஏற்கச் செய்வது மிகக் கடினம். ஒரே நபருக்கு இரண்டு எண்களில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் கோப்பில் இருந்தால் பிரெஞ்சு நீதிமன்றம் இரண்டையுமே நம்பாது. முரண் தெரிந்தால் மறைக்காதீர்கள். அனுப்புவதற்கு முன்பே இங்கேயே சட்டப்படி திருத்தி, திருத்திய ஆணையையும் சேர்த்து அனுப்புங்கள்.

பழைய பதிவுகளுக்கு இன்னொரு வாசல் உண்டு. 1776-இல் வெர்சாயிலிருந்து வந்த அரசாணை காரணமாகக் குடியேற்றப் பகுதிகளின் பதிவுகள் படியெடுக்கப்பட்டுப் பிரான்சுக்குப் போயின. எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம் பழைய பிரெஞ்சிந்தியப் பதிவுகளை இணையத்தில் படமாகவே வைத்திருக்கிறது. கொள்ளுத்தாத்தாவைத் தேட அது போதும். 1962-க்குப் பிறகு பிரெஞ்சு நாட்டினராக இருந்தவர்களின் பிறப்பு, திருமணம், இறப்பு துணைத்தூதரகத்தில் பதிவாகியிருந்தால் அதன் படி நாந்த் நகரின் எத்தா சிவில் மையச் சேவையில் கிடைக்கும். இணையத்தில் கேட்டால் கட்டணம் இல்லை.

சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடக் கூடாது

பிரெஞ்சு நாட்டினரிடமிருந்து உங்கள்வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புப் பதிவும், பெற்றோரின் திருமணப் பதிவும் வேண்டும். பிள்ளை மைனராக இருந்தபோதே பெற்றோர்-பிள்ளை உறவு சட்டப்படி நிறுவப்பட்டிருந்தால்தான் அது குடியுரிமைக்குச் செல்லும். கோயிலில் நடந்து, முப்பது ஆண்டு கழித்துப் பதிவான திருமணம் இங்கே சிக்கல் தரும். பிறந்து பல ஆண்டு கழித்து நீதிமன்ற ஆணையால் பதிவான பிறப்பும் அப்படியே. அந்த ஆணையின் முழு நகலும் இல்லாமல் வெறும் சான்றிதழை அனுப்பினால் திரும்பி வரும்.

இந்தியச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று) வேண்டும். அதற்கு முன் மாநில அல்லது யூனியன் பிரதேச அதிகாரியின் சரிபார்ப்பு நடக்கும். முதலில் அப்போஸ்தில், பிறகு மொழிபெயர்ப்பு என்ற வரிசையில் செய்யுங்கள். அப்போதுதான் முத்திரையில் உள்ள வாசகமும் சேர்ந்து மொழிபெயர்க்கப்படும். உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். வெறும் ஜெராக்ஸ் செல்லாது.

2012 என்ற சுவர்

இதைப் பற்றி இடைத்தரகர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 30-3 பிரிவின்படி, முன்னோர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே இருந்து, மனுதாரரோ அவருக்குக் குடியுரிமையைக் கடத்தக்கூடிய தந்தை அல்லது தாயோ பிரெஞ்சுக்காரராக வாழ்ந்ததற்கான அடையாளம் இல்லையென்றால், வம்சாவளியை நிரூபிக்கவே அனுமதி இல்லை. புதுச்சேரிக்கு அந்த ஐம்பது ஆண்டு 2012 ஆகஸ்ட் 16 அன்று நிறைந்தது. தாத்தாவின் ஒப்சியோன் பொன்னாக இருந்தாலும், அந்தத் தேதிக்கு முன் உங்களிடமோ அப்பா அம்மாவிடமோ பிரெஞ்சு பாஸ்போர்ட், அடையாள அட்டை, துணைத்தூதரகப் பதிவு, வாக்காளர் அட்டை, இராணுவச் சேவை போன்று எதுவும் இல்லையென்றால் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. தாள் தேடும்போது 1962-க்குக் கொடுக்கும் அதே கவனத்தை 1962-க்கும் 2012-க்கும் நடுவிலுள்ள தாள்களுக்கும் கொடுங்கள். 1980-களின் துணைத்தூதரகப் பதிவு அட்டை ஒன்று, பத்து பரம்பரைச் சான்றிதழ்களைவிடப் பெரிது.

இந்தச் சுவரில் மோதியவர்களுக்கு 21-14 பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. பிரான்சோடு பண்பாடு, தொழில், பொருளாதாரம் அல்லது குடும்ப வகையில் வெளிப்படையான தொடர்பு இருப்பதைக் காட்டி, அறிவிப்பு மூலம் குடியுரிமை கோரலாம். பிரெஞ்சுப் படையில் சேவை செய்தவர்களுக்கும் இது பொருந்தும். பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு, அங்கே வேலை, அங்கே வாழும் உடன்பிறந்தவர்களோடு தொடர்ந்த போக்குவரத்து ஆகியவை உதவும். ஒருமுறை சுற்றுலா போய்வந்தது உதவாது.

மனு எங்கே, எப்படி

நசியோனாலிதே சான்றிதழைத் துணைத்தூதரகம் தருவதில்லை. பிரான்சுக்கு வெளியே பிறந்து வெளியே வசிப்பவர்கள் பாரிஸ் நீதிமன்றத்தின் நசியோனாலிதே பிரிவுக்கு மனு அனுப்ப வேண்டும். 2022 செப்டம்பர் 1 முதல் அதற்கென உள்ள படிவத்தில் எழுதுவது கட்டாயம். பழைய முறையில் கடிதம் எழுதி அனுப்பினால் ஏற்கப்படாது. படிவத்தில் எந்தச் சட்டப் பிரிவின்படி கோருகிறீர்கள் என்பதையும், முன்னோர் எந்த ஒப்பந்தப் பிரிவின்கீழ் பிரெஞ்சு நாட்டினராக நீடித்தார் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். தாள்களைத் தலைமுறை வாரியாக எண்ணிட்டு, ஒரு பக்க வம்சப் பட்டியலை மேலே வையுங்கள். உடன்பிறந்தவர் யாருக்காவது முன்பே சான்றிதழ் கிடைத்திருந்தால் அதன் படியையும் வையுங்கள். அது உங்களைக் கட்டாயம் கரையேற்றாது, ஆனால் கோப்பைப் படிப்பவருக்கு வழி காட்டும்.

மறுப்பு வந்தால் காரணம் எழுதியிருக்கும். ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அதற்கு வழக்கறிஞர் கட்டாயம், மனுப் படிவத்தின் ஒரு படியையும் இணைக்க வேண்டும், அது இல்லாவிட்டால் தள்ளுபடி. ஆகவே அனுப்பும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டே அனுப்புங்கள்.

கிடைத்த பிறகு இந்தியப் பக்கத்து வேலை இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்ல வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஓட்டினால் அபராதம் வரும், பிறகு விசாவுக்கும் தடங்கல். அதற்குப் பதிலாக ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கலாம். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரர்கள், கொள்ளுப்பேரர்கள் ஆகியோரைக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. மனுவில் அந்த வகையைத் தேர்ந்து, தாத்தாவின் பிறப்புப் பதிவை ஆதாரமாக வையுங்கள்.